பாண்டிச்சேரி வேண்டாம்னு தரங்கம்பாடி போனோம்... நடுவில் வந்தது காரைக்கால்!

பெரியப்பாவுக்கு 60 வயது நிறைகிறது, திருக்கடையூரில் மணிவிழா என்று முடிவானதுமே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு களைகட்டிவிட்டது. யார் வேன் பேசுவது, யாருக்கு என்ன கலர் புடவை என்று மூன்று நாள் ஒரே சத்தம். அதற்கு நடுவில் ஒரு அத்தை, "அவ்வளவு தூரம் போறோம், அப்படியே பாண்டிச்சேரி போய் ரெண்டு நாள் இருந்துட்டு வரலாமா?" என்று கேட்டார்.

குழுவில் 23 பேர் இருக்கிறோம். எல்லோரும் பார்த்துவிட்டதாக நீல டிக் காட்டியது. ஒருவரும் பதில் போடவில்லை.

பத்து நிமிஷம் கழித்து பெரியம்மா எனக்கு போன் செய்தார். "பாண்டி மட்டும் வேண்டாம்மா. வேற எங்கயாவது நீயே சொல்லு. நீதான் ஊர் ஊரா எழுதுறவளாச்சே" என்றார். காரணத்தை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

காரணம், பெரியப்பாவின் மகன். அவன் பெயர் இங்கே வேண்டாம். வீட்டில் நாங்கள் கூப்பிடுவதுபோல 'தம்பி' என்றே இருக்கட்டும். வயது 25. இன்ஜினீயரிங் ஹாஸ்டலில் சனிக்கிழமை பழக்கமாக ஆரம்பித்தது, வேலைக்குப் போனதும் தினசரிப் பழக்கமானது. வேலை போனது. ஒருநாள் வைராக்கியமாக, யாரிடமும் சொல்லாமல் அவனே அடியோடு நிறுத்தினான். மூன்றாம் நாள் கை நடுங்கி, வலிப்பு வந்து விழுந்தான். தினமும் நிறையக் குடிப்பவர்கள் திடீரென்று நிறுத்தினால் இப்படி ஆகலாம், அது உயிருக்கே ஆபத்து, மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு சிகிச்சை, கவுன்சலிங், வாரம் இரண்டு கூட்டம். மணிவிழா நாளன்று அவன் குடிக்காமல் இருந்து 214 நாள்.

நான் சொன்ன ஊர், தரங்கம்பாடி. திருக்கடையூரிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள். கடல் இருக்கிறது, கோட்டை இருக்கிறது, கூட்டம் இல்லை. மணிவிழா முடிந்து மற்றவர்கள் கிளம்பட்டும், நானும் தம்பியும் அவன் தங்கையும் இரண்டு நாள் தங்கிவிட்டு நாகூர் போய், நாகப்பட்டினத்தில் ரயிலேறலாம் என்று திட்டம் போட்டேன். பெரியம்மாவுக்கும் நிம்மதி. மேப்பைச் சரியாகப் பார்க்காத தப்பு என்னுடையது. அதைப் பிறகு சொல்கிறேன்.

திருக்கடையூரில் ஒரு ராத்திரி

திருக்கடையூருக்கு நீங்களும் ஒரு தடவையாவது போயிருப்பீர்கள். 60, 70, 80 என்று வயதைக் கொண்டாட தமிழ்நாடு முழுக்க ஜனங்கள் வரும் ஊர். மார்க்கண்டேயனுக்காக எமனைச் சிவன் காலால் உதைத்த தலம் என்பதால் ஆயுள் விருத்திக்கு இங்கே வருகிறார்கள். பாற்கடலில் கடைந்த அமிர்தக் குடம் இங்கேயே தங்கி லிங்கமானது என்பது இன்னொரு கதை. அதனால்தான் சுவாமி பெயர் அமிர்தகடேஸ்வரர். அம்பாள் அபிராமி. அபிராமி பட்டர் அந்தாதி பாடியது இந்தச் சந்நிதியில்தான்.

பெரியப்பாவுக்குக் கழுத்தில் மாலை, பெரியம்மாவுக்கு வெட்கம். ஒரே பிராகாரத்தில் ஏழெட்டு ஜோடிகளுக்கு ஒரே நேரத்தில் கலச அபிஷேகம் நடக்கிறது. எந்தத் தாத்தா எந்தப் பாட்டிக்குத் தாலி கட்டுகிறார் என்று நம் வீட்டு ஜோடியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. தம்பிதான் ஓடியாடி எல்லாம் செய்தான். பந்தியில் அவனே பரிமாறினான். பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்டு முடித்து இலையை மூடும்போது அவன் கையை ஒரு நொடி பிடித்துவிட்டு விட்டார்.

வைபவம் முடிந்தது. ராத்திரி எட்டரைக்கு மேல் லாட்ஜில் ஒரு அறைக்கதவு மட்டும் சாத்தியிருந்தது. குடும்ப விசேஷங்களில் அந்த அறை எது என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் அடுத்த அறைக்கு பாய் எடுக்கப் போனபோது கதவு திறந்தது. தம்பியின் தாய்மாமா.

"மாப்ள, உள்ள வா. அப்பாவுக்கே ரெண்டாவது கல்யாணம் பண்ணி வச்சுட்ட. இன்னைக்கு ஒருநாள்தானடா."

அவர் கெட்டவர் இல்லை. தம்பி மருத்துவமனையில் இருந்தபோது ராத்திரி முழுக்க வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். ஆனால், 'ஒருநாள்' என்ற சொல் தம்பிக்கு எப்படிக் கேட்கும் என்பது அவருக்குத் தெரியவில்லை.

தம்பி சிரித்தான். "வேணாம் மாமா, மாத்திரை சாப்பிடுறேன்" என்றான். சொல்லிவிட்டுச் செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு இறங்கிப் போய்விட்டான். நான் பின்னாலேயே ஓடினேன். சந்நிதித் தெருவில் பூக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"பசிக்குதுக்கா" என்றான்.

மதியம் அவ்வளவு பேருக்குப் பரிமாறியவன் ராத்திரி எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. ஹோட்டலில் நாலு இட்லி சாப்பிட்ட பிறகு சொன்னான். "கவுன்சலிங்ல நாலு விஷயம் சொல்லுவாங்க. பசி, கோபம், தனிமை, களைப்பு. இந்த நாலுல ஒண்ணு வந்தாலே ஜாக்கிரதையா இருக்கணும். இன்னைக்கு எனக்கு ரெண்டு இருந்துச்சு."

அன்றிலிருந்து எங்கள் பயணத்திட்டத்தில் முதல் வரி, வேளா வேளைக்குச் சாப்பாடு.

கடலுக்குள் போன கோயில்

மறுநாள் காலை எல்லோரையும் வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு நாங்கள் மூன்று பேரும் பஸ் ஏறினோம். பொறையார் தாண்டி, தரங்கம்பாடியின் பழைய நகர வாயிலுக்குள் நுழைந்ததும் ஊரே மாறிவிடுகிறது. வெள்ளை வாயில். டேனிஷ்காரர்கள் 1792-ல் கட்டியது. அதைத் தாண்டி நேராகக் கடல்வரை ராஜ வீதி. இரண்டு பக்கமும் பழைய வீடுகள், தேவாலயங்கள், பள்ளிக்கூடங்கள். சைக்கிள் மணிச் சத்தமும் பள்ளிப் பிள்ளைகள் சத்தமும்தான் கேட்கிறது.

'அலைகள் பாடும் இடம்' என்று ஊர்ப்பெயருக்கு எல்லோரும் அர்த்தம் சொல்கிறார்கள். ஆனால் பழைய கல்வெட்டில் இந்த ஊரின் பெயர் சடங்கன்பாடி. கல்வெட்டு இருப்பது மாசிலாமணிநாதர் கோயிலில். 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டிய கோயில் அது. கட்டியபோது கடல் தள்ளி இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையைத் தின்று, கோயிலின் முன்பகுதியையும் தின்றுவிட்டது. இப்போது பாறாங்கற்களைக் கொட்டி அலையைத் தடுத்துவைத்திருக்கிறார்கள். மிச்சமிருப்பதைப் புதுப்பித்து வழிபாடும் நடக்கிறது. 2004 சுனாமியில் இந்த ஊர் நிறைய உயிர்களைப் பறிகொடுத்தது. கரையில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் ஐந்தாவது நிமிஷத்தில் பேச்சு அங்கே வந்து நிற்கிறது.

வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தம்பியைப் பார்த்து, "கல்லு போடலைனா இதுவும் இருக்காது தம்பி. வருஷா வருஷம் பார்த்துப் பார்த்துப் போடணும்" என்று கோயிலைக் காட்டினார். தம்பி அங்கேயே அரைமணி நேரம் உட்கார்ந்து வலை பின்னக் கற்றுக்கொண்டான். வரவில்லை. பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

நான் செய்த காரியம்

இதை எழுதாமல் விட்டுவிடலாம். ஆனால் எழுதச் சொன்னதே தம்பிதான்.

தங்கியிருந்த அறைக்குத் திரும்பியதும் அவன் குளிக்கப் போனான். மேஜைமேல் அவனுடைய ஸ்டீல் தண்ணீர் பாட்டில். தங்கை மொட்டைமாடியில் போன் பேசிக்கொண்டிருந்தாள். நான் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தேன்.

தண்ணீர்தான். மூடியைத் திருகிக்கொண்டிருந்தபோது துண்டை மறந்துவிட்டுப் போனவன் கதவைத் திறந்தான்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மதியச் சாப்பாட்டில் மீன் குழம்பு அருமையாக இருந்தது என்று தங்கை சொன்னாள். எனக்கு ருசியே தெரியவில்லை.

கோட்டை மதிலில்

டேன்ஸ்போர்க் கோட்டைக்குச் சாயங்காலம் போனோம். 1620-ல் கட்டத் தொடங்கியது. அந்தக் கதையே ஒரு சினிமா. ஓவே யெட்டே என்ற டேனிஷ் கப்பற்படைத் தலைவர் கிளம்பி வந்தது இலங்கைக்கு. கண்டி மன்னருடன் ஒப்பந்தம் போடும் திட்டம் அங்கே நினைத்தபடி நடக்கவில்லை. அதன் பிறகே தஞ்சாவூர் ரகுநாத நாயக்கருடன் பேசி, இந்த மீனவக் கிராமத்தில் கோட்டை கட்டவும் வியாபாரம் செய்யவும் அனுமதி வாங்கினார். நாயக்கர் டென்மார்க் மன்னருக்குப் பொன் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. 225 வருஷம் டேனிஷ் கொடி பறந்த ஊரை 1845-ல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள்.

கோட்டைக்குள் தமிழகத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். பீங்கான், நாணயம், பத்திரங்கள் எல்லாம் இருக்கின்றன. சிதிலமாகிக் கிடந்த கோட்டையைப் பழுதுபார்த்ததில் டென்மார்க்கிலிருந்து வந்த தன்னார்வலர்களுக்கும் பங்கு உண்டு.

இந்தக் கோட்டையில் கைதியாக இருந்தவர்களில் ஒருவர் சீகன்பால்கு. 1706 ஜூலை 9 அன்று கப்பலில் வந்து இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார். தமிழ் தெரியாது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகினார். தமிழ் மக்களுக்காகப் பேசியதில் டேனிஷ் கவர்னருக்கு ஆகாமல்போய், இங்கே நாலு மாதம் அடைத்துவைக்கப்பட்டார். வெளியே வந்து, அச்சு இயந்திரம் வரவழைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தார். காகிதம் கிடைக்கவில்லை என்று பொறையாரில் காகிதப் பட்டறையே வைத்தார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்று பெயர். 1718-ல் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் ராஜ வீதியில் இருக்கிறது. அடுத்த வருஷமே, 36 வயதில் இறந்து, அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கமானார்.

மதில்மேல் உட்கார்ந்து இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அமைதியாக இருந்தால் பாட்டில் விஷயம் வந்துவிடுமோ என்ற பயத்தில் நிறுத்தாமல் பேசினேன். தம்பி குறுக்கிட்டான்.

"அக்கா, பாட்டிலை மோந்து பார்த்ததுக்கு எனக்குக் கோபம் இல்ல."

நான் பேசவில்லை.

"நான் அப்படித்தான் பண்ணிருக்கேன். அம்மா குடுத்த வாட்டர் பாட்டில்ல கலந்து வச்சு, அவங்க முன்னாடியே குடிச்சிருக்கேன். நீ மோந்து பார்க்காம இருந்தாத்தான் ஆச்சரியம். ஆனா ஒண்ணு... மோந்து பார்த்தா இன்னைக்கு மட்டும்தான் தெரியும். நாளைக்குத் திரும்ப மோந்து பார்க்கணும். எவ்ளோ நாள் மோந்து பார்ப்ப? கேளு. கேட்டா சொல்றேன். பொய் சொல்ல மாட்டேன்னு சத்தியம் எல்லாம் பண்ணல. கேட்டா சொல்ல முயற்சி பண்றேன். அவ்ளோதான் இப்ப என்னால முடியும்."

அவன் தங்கை அழுதுவிட்டாள். நான் "சாரிடா" என்றேன். கடற்காற்று அடித்துக்கொண்டிருந்தது. கீழே கரையில் பையன்கள் கால்பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தம்பியும் இறங்கிப்போய் அவர்களோடு சேர்ந்துகொண்டான். ஆறரை மணிக்கு அவனை இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது.

நண்டலாறு தாண்டினால்...

இப்போது மேப் விஷயத்துக்கு வருகிறேன்.

தரங்கம்பாடியிலிருந்து நாகூருக்குக் கடலோரமாகத் தெற்கே ஒரே ரோடு. ஒரு மணி நேரப் பயணம். இவ்வளவுதான் நான் பார்த்தது. அந்த ரோட்டில் நண்டலாற்றைத் தாண்டினால் வாஞ்சூர் வரைக்கும் புதுச்சேரி யூனியன் பிரதேசம். நடுவில் இருப்பது காரைக்கால்! பாண்டிச்சேரி வேண்டாம் என்று ஓடிவந்தவள், அதே பாண்டிச்சேரியின் இன்னொரு துண்டுக்குள் தம்பியைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

பிரெஞ்சுக்காரர்கள் 1739-ல் காரைக்காலைப் பிடித்ததில் தொடங்கிய கோடு இது. அவர்கள் போய்விட்டார்கள், கோடு மட்டும் இருக்கிறது. வரி குறைவு என்பதால் மதுவிலை அந்தப் பக்கம் குறைவு. தமிழ்நாட்டில் 2003-லிருந்து சில்லறை மது விற்பனை டாஸ்மாக் மூலமாகத்தான். அந்தப் பக்கம் தனியார் கடைகள். டெல்டாவில் பிறந்த எவருக்கும் காரைக்கால் என்றதும் முதலில் ஞாபகம் வருவது அம்மையார்தானா என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும்.

காலையில் தம்பியிடம் சொன்னேன். "மயிலாடுதுறை போய், திருவாரூர் வழியா சுத்திப் போயிடலாமாடா?"

"எவ்ளோ நேரம்?"

"மூணு, மூணரை மணி நேரம் ஆகும்."

யோசித்தான். "வேணாம். சுத்திச் சுத்தி எத்தனை ஊரைத் தவிர்ப்ப? எங்க தெரு முனையிலயே கடை இருக்கு. ஆனா, எனக்கு ஜன்னல் சீட் வேணாம். நீ உக்காரு."

பொறையாரில் பஸ் ஏறினோம். நண்டலாறு சோதனைச்சாவடி வந்தது. எதிர்த்திசையில் வரும் வண்டிகளை நிறுத்திப் பையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து கொண்டுவந்தால் பிடிப்பார்கள். உள்ளே போகிறவர்களை யாரும் எதுவும் கேட்பதில்லை. பூவம், கோட்டுச்சேரி என்று பஸ் போகிறது. தம்பி போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். ஜன்னல் வழியாக நான்தான் போர்டுகளை எண்ணினேன். இத்தனை நாள் இந்த ரோட்டில் எத்தனை தடவை போயிருப்பேன். ஒரு போர்டுகூட என் கண்ணில் பட்டதில்லை. குடிக்காதவர்களுக்கு அது வெறும் கடை. அவன் கண்ணால் பார்த்தபோதுதான் ஊர் எவ்வளவு கடினமான இடம் என்று புரிந்தது.

காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் நாகப்பட்டினம் பஸ்ஸுக்கு மாறினோம். "டீ குடிச்சுட்டு வந்து எடுப்போம், கால்மணி ஆகும்" என்றார் கண்டக்டர்.

தம்பி எழுந்தான். "தண்ணி வாங்கிட்டு வரேன்."

'நானும் வரேன்' என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. தங்கை என் கையைப் பிடித்து அழுத்தினாள். "சரிடா" என்றேன்.

ஐந்து நிமிஷம். எட்டு நிமிஷம். பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் பாட்டில் வாங்க எவ்வளவு நேரமாகும்? பத்து நிமிஷம். கண்டக்டர் திரும்பி வந்துவிட்டார். போன் செய்தேன், வேறு அழைப்பில் இருப்பதாக வந்தது. பன்னிரண்டு நிமிஷம். டிரைவர் ஏறி உட்கார்ந்தார். நான் இறங்கி ஓடவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான வேலைகளில் ஒன்று, அந்தப் பன்னிரண்டு நிமிஷம் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தது.

இன்ஜின் சத்தம் கேட்டபிறகு ஓடிவந்து ஏறினான். கையில் ஒரு தண்ணீர் பாட்டில், மூன்று கடலை மிட்டாய். முகம் வியர்த்திருந்தது.

"கேளு" என்றான்.

"குடிச்சியா?"

"இல்ல. ஆனா எதிர்ல கடை தெரிஞ்சுது. ரோட்டைத் தாண்டிட்டேன். வாசல்ல நின்னேன். அப்புறம் எங்க குழு அண்ணனுக்கு போன் போட்டேன். அவர், 'போனை வைக்காத, பேசிக்கிட்டே பஸ் வரைக்கும் நட'ன்னாரு. கடலை மிட்டாய் அவரு வாங்கச் சொன்னதுதான். வாய்ல எதையாவது போட்டுக்கோன்னாரு."

இது பெருமையாகச் சொல்லும் குரல் இல்லை. கை லேசாக நடுங்கியது. நான் ஒரு கடலை மிட்டாயை வாங்கிக்கொண்டேன். பஸ் அரசலாற்றுப் பாலத்தைத் தாண்டும்வரை மூன்று பேரும் பேசாமல் கடித்துக்கொண்டிருந்தோம்.

நாகூரில் சாயங்காலம்

வாஞ்சூர் எல்லையைத் தாண்டியதும் தம்பி ஜன்னல் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டான். நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களும் தூரத்திலிருந்தே தெரிகின்றன. அவற்றில் உயரமானது 131 அடி. கட்டிக்கொடுத்தவர் தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப் சிங். முஸ்லிம் பெரியவருக்கு இந்து மன்னர் கட்டிய மினாரா. வருகிறவர்களிலும் எல்லா மதத்தினரும் உண்டு.

தர்கா குளத்துப் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். எங்கள் பக்கத்தில் ஒரு அம்மா, மகனுக்காக வேண்டிக்கொண்டு வந்திருந்தார். என்ன வேண்டுதல் என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கடைத்தெருவில் நாகூர் வாடா சாப்பிட்டோம். அரிசிமாவில் இறால் வைத்துப் பொரித்தது. சூடாகச் சாப்பிட வேண்டும். தம்பி நாலு சாப்பிட்டான். பெரியம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினான். அவர் முதலில் பார்த்தது வாடாவை இல்லை, மகனின் கண்ணை. அது எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருக்கும். "நல்லாத்தான்மா இருக்கேன்" என்றான்.

ராத்திரி ரயிலில் மேல் பெர்த்தில் படுத்ததும் தூங்கிவிட்டான்.

இன்று 93

இந்தக் கட்டுரையை இதோடு முடித்திருந்தால் அழகாக இருக்கும். ஆனால் நடந்தது வேறு.

ஊர் திரும்பி ஐந்தாவது வாரம், ஒரு சனிக்கிழமை, தம்பி குடித்துவிட்டான். பழைய நண்பன் ஒருவனின் கல்யாண வரவேற்பு. மறுநாள் காலை ஆறு மணிக்கு எனக்கு போன் வந்தது. "அக்கா, நீ கேக்கல. நானே சொல்றேன்" என்றான்.

பெரியப்பா இரண்டு நாள் பேசவில்லை. 'போனதெல்லாம் வீண்' என்று பெரியம்மா அழுதார். மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. திரும்பக் குடிப்பது இந்த நோயில் நடக்கக்கூடிய ஒன்று, எவ்வளவு சீக்கிரம் திரும்பி வருகிறார் என்பதுதான் முக்கியம் என்றார். முன்பெல்லாம் ஒருமுறை ஆரம்பித்தால் வாரக்கணக்கில் போகும். இந்தமுறை ஒரே ராத்திரி. திங்கட்கிழமை கூட்டத்துக்குப் போய்விட்டான். ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தான். இதை அவனிடம் படித்துக் காட்டி அனுமதி வாங்கிய இன்றைக்கு, 93-வது நாள்.

திருக்கடையூரில் கதவைத் திறந்த தாய்மாமா இப்போது விசேஷ வீடுகளில் தம்பி பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். யாராவது கிளாஸை நீட்டினால், "அவனுக்கு வேணாம், எனக்கும் வேணாம்" என்று அவரே சொல்லிவிடுகிறார்.

போன வாரம் தம்பியிடம் கேட்டேன். "ஆனி பௌர்ணமிக்கு காரைக்கால்ல மாங்கனித் திருவிழாடா. அம்மையார் கோயில்ல ஜனங்க மாம்பழத்தை வாரி இறைப்பாங்களாம். போலாமா?"

கொஞ்சம் யோசித்தான்.

"இந்த வருஷம் வேணாம்க்கா. அடுத்த வருஷம் கேளு. இந்த வருஷம் பூம்புகார் போலாம்."

டிக்கெட் போட்டுவிட்டேன்.

போக விரும்புகிறவர்களுக்கு...

* மயிலாடுதுறைவரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ்ஸில் திருக்கடையூர், தரங்கம்பாடி போவது சுலபம். தரங்கம்பாடியை நடந்தே சுற்றிவிடலாம். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை உண்டு, கேட்டுக்கொண்டு போங்கள். கடல் கொஞ்சம் முரட்டுத்தனமானது. கரையில் கற்கள் அதிகம், குளிப்பதைத் தவிர்க்கலாம்.

* குடியிலிருந்து மீண்டுவரும் ஒருவரோடு போகிறீர்கள் என்றால், ஊரை முடிவுசெய்யும் முன் அவரையும் கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் அவருக்காக முடிவெடுக்காதீர்கள். நான் பாண்டிச்சேரியைத் தவிர்த்தேன், காரைக்காலை மறந்தேன். அவனைக் கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பான்.

* சாப்பாடு, தூக்கம், மாத்திரை மூன்றும் நேரத்துக்கு நடக்கட்டும். ஒரே நாளில் ஆறு இடம் பார்க்கும் ஓட்டம் வேண்டாம். அவர் நம்பிப் பேசும் ஒருவருடைய போன் நம்பர் உங்களிடமும் இருக்கட்டும்.

* 'இன்னைக்கு ஒருநாள்தானே' என்று சொல்லக்கூடிய உறவினர்களிடம் முன்கூட்டியே தனியாகப் பேசிவிடுங்கள். சபையில் வைத்துச் சொன்னால் சண்டை வரும்.

* உதவி தேவைப்பட்டால், போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416. அழைக்கக் காசு கிடையாது. குடிப்பவர்தான் அழைக்க வேண்டும் என்றில்லை, வீட்டில் இருப்பவர்களும் அழைக்கலாம்.